எடுத்துக் கொடுத்தவள்

பொகவந்தலாவையிலிருந்து மேலே ஏறும் பாதையில், ஏழாங்கட்டைத் தோட்டத்து மாதா கோயிலுக்கு ஜெயந்தினி வந்து சேர்ந்தபோது பின்னேரம் மூன்று மணிதான். ஆனாலும் விளக்குப் போட வேண்டியிருந்தது. நாலு நாளாக மழை விடவில்லை. மூடுபனி தேயிலை மலையிலிருந்து இறங்கி, தொழிலாளர் லயங்களின் தகரக் கூரைகளை மறைத்துவிட்டு, கோயில் வாசற்படி வரைக்கும் வந்து நின்றது. உள்ளே ஈரச் சுண்ணாம்பும் மெழுகுதிரியும் நனைந்த கம்பளிச் சட்டையும் கலந்த வாசனை.

பாடகர் குழுவில் மற்ற ஆறு பேரும் பீடத்துக்குப் பக்கத்து வாங்குகளில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். ஹார்மோனியத்தின் முன்னால் சிவசாமி. அவர் சைவ சமயக்காரர். அந்தத் தோட்ட டிவிசனில் ஹார்மோனியம் வாசிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்பதால் மாதாவும் அவரை விடுவதாயில்லை.

"வெள்ளிக்கிழமை அம்மன் கோயில்ல பஜனை, சனிக்கிழமை இங்க பாட்டு. செத்தா எந்தக் கேட்டுல போயி நிக்கிறதுன்னுதான் எனக்கு வெளங்கல," என்றார் அவர்.

"ரெண்டு கேட்டுலயும் வாசிச்சுக் காட்டச் சொல்வாங்க மாமா. கேட்டுட்டு ரெண்டு பக்கமும் வேணாம்னுருவாங்க," என்றாள் தனுஜா.

சிவசாமி உட்பட எல்லோரும் சிரித்தார்கள். தனுஜாவுக்குப் பத்தொன்பது வயது. குரல் தேன். மூச்சுத்தான் போதாது. நீளமான அடி வந்தால் நடுவில் இரண்டு தரம் மூச்சு வாங்குவாள், அது வாசல் வரைக்கும் கேட்கும்.

டிசம்பர் எட்டாந்திகதி கோயில் திருநாள். அதற்காக ஜெயந்தினியின் கணவன் நிரஞ்சன் ஒரு புதுப் பாட்டு எழுதியிருந்தான். தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்துக்கொண்டே, பழைய ரசீதுத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதியது. இரண்டே சரணம். அந்த ஏழு பேரைத் தவிர அதை வேறு யாரும் கேட்டதில்லை. வழமைபோல, குழுவின் பாட்டு டீச்சரான ஜெயந்தினி ஓர் அடியைப் பாடி எடுத்துக் கொடுப்பாள். மற்ற ஆறு பேரும் அதே அடியை ஏற்றுப் பாடுவார்கள்.

"மலைமேல் எரியும் தீபம் நீயே மாதாவே..."

ஆறு குரல்களும் ஏற்றன. ஐந்து முடிந்தபிறகு நிரஞ்சனின் குரல் தனியாக வந்து சேர்ந்தது.

"எழுதுனவரே லேட்டு," என்றாள் தனுஜா. "நிரஞ்சன் அண்ணன் ஹட்டன் பஸ் மாதிரி. எல்லாரும் வீட்டுக்குப் போனப்புறந்தான் வருவாரு."

"வந்துருவேன்ல? அதப் பாரு," என்றான் நிரஞ்சன்.

பாட்டுத் தாள்கள் வாசலுக்குப் பக்கத்துப் பின்னறையில் இருந்தன. ஜெயந்தினி எழுந்து போனாள். ஓர் அலமாரியும் ஓர் ஆளும் நிற்கத்தான் அங்கே இடம். மேல் தட்டில் தாள்கள். கீழ்த் தட்டில் உடைந்த மெழுகுதிரித் தண்டுகளும், தபசு காலத்துத் தட்டுப்பலகையும். சிலுவைப்பாதையின்போது ஒரு ஸ்தலத்திலிருந்து அடுத்த ஸ்தலத்துக்குப் பாடிக்கொண்டே நடப்பார்கள். ஸ்தலம் வந்ததும் அந்தப் பலகையில் மரச்சுத்தியால் மூன்று தட்டு. பாட்டு எந்த அடியில் இருந்தாலும், பாதிச் சொல்லில் இருந்தாலும், அங்கேயே நின்றுவிட வேண்டும். அது அந்தக் கோயிலின் கண்டிப்பான வழக்கம்.

"அங்கருந்தே எடுத்துக் குடு புள்ள, நேரம் போவுது," என்று நிரஞ்சன் சத்தம் போட்டான்.

அவள் தாள்களை எண்ணியபடியே முதலடியைப் பாடினாள்.

ஏற்றுப் பாடும் குரல்கள் வரவில்லை.

வந்தது மலை.

இடி என்றுதான் நினைத்தாள். பிறகு தரை பக்கவாட்டில் நகர்ந்தது. அலமாரி அவள்மேல் சாய்ந்தது. வெளிச்சம் போனது.

கண்ணைத் திறந்தாளா, மூடியிருக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டும் ஒரே இருட்டாக இருந்தது. புதிதாக வெட்டிய குழியின் மண் வாசனை மூக்கில் ஏறியது. உட்கார்ந்த நிலையில் இருந்தாள், இடது கால் அலமாரிக்குக் கீழே. முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் சுவர் சாய்ந்து நின்றது. கையை நீட்டினால் எல்லாப் பக்கமும் மண். எங்கேயோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏங்க," என்று கூப்பிட்டாள். "ஏங்க, யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?"

அவள் அழத் தொடங்கிய நேரத்தில், பீடத்துப் பக்கமிருந்து அது வந்தது. அவள் எடுத்துக் கொடுத்த முதலடி. ஆறு குரல்கள் ஒன்றாக ஏற்றுப் பாடின.

ஜெயந்தினிக்கு உயிர் வந்தது. "மாதாவே, மாதாவே," என்று முனகினாள். தனுஜாவின் குரல் தெரிந்தது. சிவசாமியின் கரகரப்புத் தெரிந்தது. நிரஞ்சனின் குரலும் இருந்தது. "தனுஜா! சிவசாமி அண்ணே! பேசுங்களேன்!"

அவள் காதைச் சாய்ந்த சுவரில் வைத்தாள். கொஞ்ச நேரம் தண்ணீர்ச் சொட்டு மட்டும்.

பிறகு, மிக மெதுவாக, பக்கத்தில் குனிந்து சொல்வதுபோல, நிரஞ்சனின் குரல்.

"எடுத்துக் குடு புள்ள."

பயத்தில் தைரியம் ஏற்றுவதற்காகச் சொல்கிறார் என்று நினைத்தாள். இரண்டாம் அடியை எடுத்துக் கொடுத்தாள். அவர்கள் ஏற்றார்கள். மூன்றாவதைக் கொடுத்தாள். ஏற்றார்கள். பாட்டு இருக்கும்வரை எல்லோரும் இருக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. இரண்டு சரணமும் முடிந்தால் முதலிலிருந்து தொடங்கினாள். எத்தனை தரம் என்று கணக்கில்லை. தேங்கிய தண்ணீர் இடுப்புக்கு ஏறி வந்திருந்தது.

தலைக்கு மேலே எங்கேயோ இயந்திரம் உறுமும் சத்தம் கேட்டது. மண் தோண்டும் பெக்கோ. அது நின்றது. "சத்த கரண்ட எப்பா!" என்று ஓர் ஆமிக்காரன் சிங்களத்தில் எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொன்னான். அதன்பின் தெரிந்த குரல் ஒன்று, கோயில் சந்தியில் கடை வைத்திருக்கும் மஃறூப்.

"யாராச்சும் உள்ளுக்கு ஈக்கிறீங்களா? சத்தம் குடுங்க!"

அவள் கத்துவதற்கு மூச்சை இழுத்தாள். அதே கணத்தில் ஆறு குரல்களும் பாட்டை ஏற்றன. இதுவரை பாடாத அளவுக்குப் பலமாக. அவள் கத்தியது அவள் காதுக்கே கேட்கவில்லை.

"பாட்டுக் கேக்குது!" மஃறூபின் குரல் உடைந்தது. "பீடத்துப் பக்கம்! எல்லாரும் உசிரோட ஈக்காங்க!"

பெக்கோ பீடத்துப் பக்கம் நகர்ந்தது. முதலில் அவளுக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. அவர்கள் ஆறு பேர், தான் ஒருத்தி. அவள் புருஷன் வெளியே போனதும் சொல்வார், எம் பொண்டாட்டி பின்னறையில இருக்கான்னு.

தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது. சேற்றுத் தண்ணீர், ஐஸ்போல. மறுபடி இயந்திரம் நின்றது, மறுபடி மஃறூப் கூப்பிட்டான், மறுபடி பாட்டு அவள் குரலை மூடியது. மறுபடி அவளைவிட்டு இயந்திரம் தள்ளிப் போனது.

அப்போதுதான் அவள் கேட்கத் தொடங்கினாள். பாடுகிறவளாக இல்லாமல், பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறவளாக.

நிரஞ்சன் பிந்தவில்லை.

ஓர் அடியில்கூடப் பிந்தவில்லை. மற்ற ஐந்து குரல்களோடு ஒட்டவைத்ததுபோலத் தொடங்கி ஒட்டவைத்ததுபோல முடித்தான்.

தனுஜாவின் நீண்ட அடி வந்தது. ஜெயந்தினி காத்திருந்தாள்.

தனுஜா மூச்சு வாங்கவில்லை.

யாருமே வாங்கவில்லை. இரண்டு அடிகளுக்கு நடுவில், பாடும் மனிதர்கள் காற்றை உள்ளே இழுக்கும் அந்தச் சின்னச் சத்தம், அது எங்குமே இல்லை. அந்த இருட்டில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது அவள் ஒருத்திதான்.

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"எடுத்துக் குடு புள்ள."

அவள் உதட்டைக் கடித்தாள். இரத்தம் உப்புக் கரித்தது.

"எடுத்துக் குடு." இப்போது ஆறு குரல்கள். கெஞ்சல் இல்லை, கோபம் இல்லை. பேருந்தில் பக்கத்து இடத்தில் கைக்குட்டை போட்டு வைத்துக்கொண்டு கூப்பிடுகிறவர்களின் பொறுமை.

"ஏங்க, நான் வெளிய போகணும்," என்று அழுதாள். "என்னைய விடுங்க. தண்ணி கழுத்துக்கு வந்துருச்சுங்க."

"இன்னும் ஒரு சரணம், ஜெயா."

அவன் அவளை ஜெயா என்று கூப்பிட்டது கல்யாணமான புதிதில் மட்டுந்தான். அவள் தொண்டை தானாகத் திறந்தது. அவள் பாட நினைக்கவில்லை, ஆனாலும் முதலடி வெளியே போய்க்கொண்டிருந்தது. தன் குரலைப் பிடித்து நிறுத்த அவளால் முடியவில்லை. கைகள் மட்டுந்தான் அவள் சொல்லைக் கேட்டன. அலமாரியின் கீழ்த் தட்டைத் தண்ணீருக்குள் தடவினாள். மெழுகுதிரித் தண்டு. தகரம். பிறகு பலகை. கயிற்றில் கட்டிய மரச்சுத்தி.

அதைத் தூக்கித் தண்ணீருக்கு மேலே பிடித்தாள். தட்டினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். பதினெட்டு வருடம் பக்கத்தில் படுத்தவனின் குரலை இனி ஒருநாளும் கேட்க முடியாது.

தட்டினாள்.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

பாட்டுப் பாதிச் சொல்லில் நின்றது.

அப்படி ஓர் அமைதியை அவள் அதற்கு முன் கேட்டதில்லை. அந்த அமைதிக்குள் மறுபடி தட்டினாள், மறுபடியும், கை மரத்துப்போகும்வரை. தலைக்கு மேலே இயந்திரம் திரும்பும் சத்தம் கேட்டது.

மூன்றாம் நாள் மஃறூப் ஆஸ்பத்திரிக்கு வந்தான். ஒரு பை தோடம்பழத்தைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு நின்றான். அவள்தான் கேட்டாள்.

"அவங்க எப்புடி இருந்தாங்க?"

"வரிசையா இருந்த எடத்துலயே ஈந்தாங்க டீச்சர்." அவன் சுவரைப் பார்த்தான். "வாயெல்லாம் மண்ணு. மலை வந்த நிமிஷமே முடிஞ்சிருக்கும்னு டொக்டர் சென்னாரு. நாங்க ஒன்றரை மணித்தியாலம் கழிச்சித்தான் வந்தோம்."

"அப்ப நீங்க கேட்ட பாட்டு?"

"அத என்கிட்ட கேக்காதீங்க." தணிந்த குரலில் அவனே தொடர்ந்தான். "நீங்க பலகையத் தட்டினதும் மத்த ஆளுங்க நிப்பாட்டிட்டாங்க. அது சரி. நீங்க ஏன் நிப்பாட்டல்ல?"

"நானும் நிப்பாட்டிட்டேனே."

"இல்ல டீச்சர். ஞாயித்துக்கெழம காலையில ஒங்க குரலக் கேட்டுட்டுத்தான் நான் கடையே தொறக்கிற. எனக்குத் தெரியாதா? ஒங்கள வெளிய எடுத்து ஸ்ட்ரெச்சர்ல படுக்க வச்சாச்சி. அதுக்குப் பொறகும் உள்ளுக்கு ஒங்க குரல் பாடிட்டு ஈந்திச்சி. ஆமிக்காரங்களும் கேட்டாங்க. அதாலதான் விடிய மட்டும் தோண்டினோம்."

அன்றிரவு ஜெயந்தினி போர்வைக்குள் மெல்லப் பாடிப் பார்த்தாள். பேச்சு வந்தது, இருமல் வந்தது, அழுகையும் வந்தது. பாட்டு வரவில்லை. தொண்டையில் அந்த இடம் வெறுமையாக இருந்தது.

முப்பத்தோராம் நாள் நினைவுப் பூசையை மண்மேட்டின் மேலேயே வைத்தார்கள். பகல் பத்து மணி. ஒரு மாதத்துக்குப் பிறகு வெயில் அடித்தது. கோயில் இருந்த இடத்தில் சவுக்குக் கம்பில் கட்டிய சிலுவை. அறுபது பேர் இருப்பார்கள், பாதிப் பேர் அடிவாரத்து லயங்களிலிருந்து வந்தவர்கள்.

"ஜெயந்தினி, ஒரு மாதா பாட்டு எடுத்துக் குடும்மா," என்றார் ஃபாதர்.

தன்னால் முடியாது என்று அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. ஊன்றுகோலைப் பிடித்து எழுந்தாள். எல்லோருக்கும் தெரிந்த பழைய பாட்டு ஒன்றை மனதில் நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தாள். காற்றுக்கூட வரவில்லை. ஃபாதரைப் பார்த்துத் தலையை ஆட்ட நினைத்தாள்.

ஃபாதர் கண்ணை மூடித் தலை குனிந்திருந்தார். எல்லோருமே குனிந்திருந்தார்கள், எதையோ கவனமாகக் கேட்பதுபோல.

சரியாக ஓர் அடியின் நேரம் போனது.

"மலைமேல் எரியும் தீபம் நீயே மாதாவே," என்று அறுபது பேரும் ஏற்றுப் பாடினார்கள்.

ஜெயந்தினியின் காதில் அவர்கள் பாடியது மட்டுந்தான் விழுந்தது. அவர்களுக்கு எடுத்துக் கொடுத்தது விழவில்லை. மறுபடி ஓர் அடியின் நேரம் அமைதி. மறுபடி கூட்டம் ஏற்றது. வெற்றிலைக் கறை படிந்த வாய்களும் பால்பற்கள் விழுந்த வாய்களும், ஒருநாளும் கேட்டிராத பாட்டைப் பிசகில்லாமல் பாடின. காலுக்குக் கீழே மண் இலேசாக அதிர்ந்தது. முதற்சரணம் முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது.

அவள் பெருமூச்சு விட்டாள். நிரஞ்சன் எழுதியது அவ்வளவுதான்.

கூட்டம் தலை நிமிரவில்லை. இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

பிறகு பாடியது, மிகுந்த பக்தியோடு:

"ஏழாம் குரலும் எமைச் சேர, மாதாவே,
இடம்விட்டுக் காத்திருக்கின்றோம்."