குதிகால் பாடம்

கோவை ஆடல்மனையைச் சுற்றிப் பார்க்க அன்று பதினொரு பெற்றோர் வந்திருந்தார்கள். பன்னிரண்டாவதாக வந்த செங்கமலத்துக்குச் சேர்க்கப் பிள்ளை இல்லை, வேலைதான் வேண்டும். பழைய பட்டுச்சேலையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்ததை எல்லாரும் கவனித்தார்கள், கவனிக்காத மாதிரி.

கண்ணாடிச் சுவர், ஏழு மாடி, தூணே இல்லாத அரங்கம் என்று இயக்குநர் பரஞ்சோதி காட்டிக்கொண்டே வந்தார். பெற்றோர் பார்த்ததென்னவோ தரையைத்தான். அதன் பெயர் திருத்தளம். பாதம் தப்பாகப் பட்டால் தரையே மெல்ல எழும்பிச் சரியான இடத்துக்குத் தள்ளிவிடும். சரியென்றால் பச்சை ஒளி, தவறென்றால் சிவப்பு. இது வந்தபின் ஊரில் நடன ஆசிரியர்கள் எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். விஜயதசமிக்குப் பிள்ளைகள் தட்டு வைத்துக் கும்பிட ஓர் ஆசிரியர் வேண்டுமே என்று ஒரே ஒரு பணியிடம் மட்டும் மிச்சம். செங்கமலம் வந்தது அதற்கு.

ஒத்திகைக் கூடத்தில் நாற்பது பிள்ளைகள் நாட்டடவு ஆடினார்கள். இடக்குதிகால் ஊன்றியது, வலக்குதிகால் தரையைத் தொட்டும் தொடாமலும் இழுபட்டது. கடைக்குப் பால் வாங்கப் போகும்போதும் இந்தப் பிள்ளைகள் அப்படித்தான் நடக்கிறார்கள். பெற்றவர்களுக்கு அதில் ஒரு பெருமை வேறு.

"அது எங்க பாணிங்க. பன்னெண்டு வருசத்துக்கு முன்னாடி ஒரு பெரிய கலைஞர் ஆடி இந்தத் தளத்துக்குப் பழக்குனது" என்றார் பரஞ்சோதி.

செங்கமலத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது பாணி இல்லீங்க சார். கால் ஆணி. எனக்கு."

பரஞ்சோதி அவளைத் தளத்தில் நிற்க வைத்துப் பழைய பதிவோடு பாதத்தை ஒப்பிட்டார். அவளேதான். ஆனால் தேர்வு தேர்வுதானே? ஆடச் சொன்னார். ஆணி எப்போதோ குணமாகிவிட்ட காலால் அவள் வலக்குதிகாலை நன்றாக ஊன்றினாள். சிவப்பு.

அவர் அருகே வந்து குரலைத் தாழ்த்தினார். "உங்களையே நீங்க சரியா ஆட மாட்டேங்கறீங்களேம்மா. கொஞ்சம் இழுத்து ஆடுங்க, வேலை உங்களுக்குத்தான்."

நொண்டுவது பெரிய வித்தையா? நான்கு வருடம் வேலையில்லாதவள் நொண்டிவிட்டுப் போயிருக்கலாம் என்று பின்னால் பலரும் பேசிக்கொண்டார்கள். அவளோ முழு அடவையும் முதலிலிருந்து எடுத்தாள். தரை எழும்பித் தள்ளியது. தள்ளத் தள்ள மிதித்தாள். ஒவ்வொரு மிதிக்கும் சிவப்பு, கண்ணாடிச் சுவர் அதிர்ந்தது, பெற்றோர் பின்வாங்கினார்கள். அவள் முடித்தபோது தரைதான் ஓய்ந்திருந்தது.

பரஞ்சோதி சட்டென்று பேச்சை மாற்றினார். சம்மதம் என்றால் இந்த ஆட்டத்தையே புது மாதிரியாகத் தளத்துக்குப் பழக்கிவிடலாமாம்.

"வேண்டாம் சார். நாளைக்கு எனக்கு இடுப்புப் பிடிச்சா ஊரே இடுப்பப் புடிச்சுக்கிட்டு ஆடும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தளம் சம்மதத்துக்காகக் காத்திருக்கவில்லை. அடுத்த பருவத்தில் 'வீறு பாணி' அறிமுகமானது. நாற்பது பிள்ளைகளும் தரையை உடைக்கிற மாதிரி மிதித்தார்கள். மென்மையாக மிதித்தவர்களைத் தரை திருத்தியது. பாணிக்கு மூலவரே ஆசிரியராக வந்தால் நல்லது என்று செங்கமலத்துக்கு அழைப்புப் போனது. வேலை தேவைதானே, வந்தாள். நல்ல மனநிலையில், அழகாக ஆடினாள்.

சிவப்பு. சுவரில் எழுத்து ஓடியது: கோபம் போதவில்லை.

செங்கமலம் அதை ஒருமுறை படித்தாள். இன்னொருமுறை படித்தாள். பிறகு தரை அதிர வாசலை நோக்கி நடந்தாள். அவள் நடந்த ஒவ்வோர் அடிக்கும் தரை பச்சையாக ஒளிர்ந்தது. பரஞ்சோதி நியமன ஆணையை எடுத்துக்கொண்டு ஓடிவருவதற்குள் அவள் செருப்பை மாட்டிக்கொண்டுவிட்டாள்.