பூரணத்துக்கு ஒன்றுமில்லை

காலை ஆறு பத்துக்குச் செண்பகவல்லியின் சமையல்மேடையில், கிரைண்டருக்கும் உப்பு ஜாடிக்கும் நடுவே இருந்த, மாத்திரை அச்சிடும் மருந்தச்சு ஒரு தும்மல் போட்டுவிட்டு இரண்டு மாத்திரைகளைக் கிண்ணத்தில் உதிர்த்தது. நீள மாத்திரை கணவர் கோமதிநாயகத்துக்கு. வட்ட மாத்திரை அவளுக்கு. இரண்டும் அன்றைக்கு மட்டும்தான் செல்லுபடியாகும், மறுநாள் விடிந்தால் அவை வெறும் மாவு. உடம்பு தினம் தினம் மாறும்போது மருந்து மட்டும் மாசக்கணக்கில் மாறாமல் இருப்பது என்ன நியாயம் என்று எந்தக் காலத்திலோ ஓர் ஆராய்ச்சியாளர் கேட்டுவிட்டுப் போன கேள்வியின் பலன் அது. பாளையங்கோட்டையின் அந்தப் பதினெட்டு மாடிக் குடியிருப்பில் மருந்தச்சு இல்லாத வீடு கிடையாது.

யாருக்கு என்ன மருந்து என்று அச்சுக்குச் சொல்வது நுண்காவலர்கள். இரத்தத்தில் ஓடிக்கொண்டே இருக்கும் கண்ணுக்குத் தெரியாத எந்திரங்கள். சுகாதாரத் துறை வைத்த பெயர்தான் நுண்காவலர், ஜனங்கள் வைத்த பெயர் எறும்பு. பிள்ளை பிறந்த வீட்டில் தொட்டில் போட்டாச்சா என்று கேட்பதற்கு முன்னால் எறும்பு போட்டாச்சா என்று கேட்பது அப்போது வழக்கமாகியிருந்தது.

எறும்புகள் சொல்வதைக் கேட்டு, அச்சை ஓட்டி, வீட்டில் உள்ளவர்களைக் கவனித்துக்கொள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் இல்லத்தாதி. செண்பகவல்லி வீட்டுத் தாதிக்குப் பூரணம் என்று பெயர். நாலடி உயரம், சக்கரக் கால், இட்லி மாவு பதத்தில் மெத்தென்ற கைகள். ஆறு வருஷம் முன்பு கோமதிநாயகத்தின் இதயம் ஒரு தடவை படுத்து எழுந்தது. மருத்துவர்கள் அதைச் சுற்றி ஒரு மெல்லிய இதயவுறையைப் போட்டு, கூடவே பூரணத்தையும் அனுப்பிவைத்தார்கள். இதயம் சுருங்கும்போது உறையும் சேர்ந்து சுருங்கிக் கைகொடுக்கும். அந்தச் சுருக்கம் எவ்வளவு என்பதைத் தினமும் காலையில் பூரணம் அவர் தோளெலும்புக்குக் கீழே விரல் வைத்துத் திருத்த வேண்டும். ஒரு நூல் கூடினாலும் ஆகாது, குறைந்தாலும் ஆகாது.

ஆனால் பூரணத்தின் அருமை விரலில் மட்டும் இல்லை. கோமதிநாயகம் மின்வாரியத்தில் முப்பது வருஷம் கம்பம் ஏறியவர். வலி என்று வாயைத் திறந்து சொன்னால் வாங்கிய பெயர் போய்விடும் என்று நினைப்பவர். அவர் "ஒண்ணுமில்ல" என்று ஒரு தடவை சொன்னால் நிஜமாகவே ஒன்றுமில்லை. இரண்டு தடவை சொன்னால் ஏதோ இருக்கிறது. மூன்று தடவை சொன்னால் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். இந்தக் கணக்கு உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒன்று செண்பகவல்லி, இன்னொன்று பூரணம்.

அன்று காலை பூரணம் அவளுடைய மாத்திரையை நீட்டியபடி சொன்னது. "உங்கள் கழுத்தில் எறும்புகள் இன்னும் கூட்டமாகத்தான் நிற்கின்றன. அந்தச் சின்னக் கட்டியைப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். ஒரு முழு நாள் பரிசோதனை. இதோடு பதினோரு முறை சொல்லிவிட்டேன்."

"போலாம் போலாம். நான் போயிட்டா இவுகள யாரு பாப்பா?"

"நான் இருக்கிறேனே."

"நீ இருக்க. சோறு யாரு பொங்குவா? நீ ஒரு தடவ பொங்குனியே, அத அவுக இன்னும் மறக்கல."

பூரணம் கிண்ணத்தைக் கழுவப் போய்விட்டது. அந்தச் சோற்றை அதுவும் மறக்கவில்லை.

எதிர்வீட்டில் பாக்கியசீலி டீச்சர் இருந்தாள். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். முழங்கால் வலிக்காரி. அவள் வீட்டுத் தாதிக்கு சாமுவேல் என்று பெயர் வைத்து, கிறிஸ்துமஸுக்குச் சட்டையும் தைத்துப் போட்டிருந்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே பாத்திரம் ஓயாமல் போய் வந்துகொண்டிருக்கும். இங்கிருந்து புளிக்குழம்பு போனால் அங்கிருந்து அதே பாத்திரத்தில் நாலு ரொட்டியாவது வரும். வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்புவது அந்த ஊரில் மரியாதை இல்லை. கொடுக்க ஒன்றும் இல்லாத நாளில் ஒரு கைப்பிடி சர்க்கரையாவது போட்டு அனுப்புவார்கள்.

அப்படித்தான் போன வருஷம் ஒருநாள் டீச்சர் வீட்டுப் பாத்திரத்தில் சர்க்கரைக்குப் பதிலாக ஒரு மாத்திரை வந்தது. இடுப்பு வலி என்று முதல்நாள் செண்பகவல்லி சொல்லியிருந்தாள். டீச்சரின் முழங்கால் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். அவள் உடம்பு எறும்புகள் குழம்பிப்போய் மூன்று நாள் இல்லாத முழங்கால் வலியைத் தேடி அலைந்தன. ஊறல் தாங்காமல் அவள் சொறிந்துகொண்டே இருந்தாள்.

"உங்களுக்காக அச்சிட்டதை நீங்கள் சாப்பிட வேண்டும். அடுத்தவர் மருந்து அடுத்தவர் உடம்புக்கு. படித்துப் படித்துச் சொல்லியும் இப்படிச் செய்யலாமா?" என்று பூரணம் கேட்டது.

"டீச்சருக்குக் கேட்டுச்சு. அதான் ஒண்ணு போட்டுப் பாத்தேன்" என்றாள் செண்பகவல்லி. மருத்துவ ஆராய்ச்சி எவ்வளவோ தூரம் வந்துவிட்டது. இந்த ஒரு வாக்கியத்தை அதனால் தாண்ட முடியவில்லை.

ஆனி மாதத்தில் பூரணத்தின் வலது கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் காபி டம்ளர் டபராவில் கடகடவென்று தட்டியது. பிறகு விரல்நுனியில் இரத்தச் சொட்டு எடுக்கும்போது இரண்டு இடத்தில் குத்தியது. செண்பகவல்லியின் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது.

"பூரணம், கை என்னத்துக்கு நடுங்குது?"

"ஒன்றுமில்லை. மழைக்காலத்தில் அப்படித்தான் இருக்கும்."

பாளையங்கோட்டையில் மழை பெய்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

"மூட்டு ஏதும் தேஞ்சிருக்கும். ஆஸ்பத்திரிக்குப் பின்னாலதான் ஒங்களுக்குப் பழுதுமனை இருக்கு. போய்க் காட்டிட்டு வா."

"பார்க்கலாம்" என்றது பூரணம். வெள்ளிக்கிழமை போவதாகச் சொன்னது. வெள்ளிக்கிழமை வந்ததும் ராகுகாலம் என்றது. அந்தச் சாக்கு அதற்கு எங்கிருந்து வந்தது என்று செண்பகவல்லிக்கு நன்றாகத் தெரியும். அதனால் மேற்கொண்டு ஒன்றும் கேட்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை நடுக்கம் நின்றிருந்தது. காபி ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் வந்தது. செண்பகவல்லிக்கு நிம்மதியாயிற்று. சுவாமிக்கு ஒரு ரூபாய் முடிந்து வைத்தது வீண்போகவில்லை என்று நினைத்துக்கொண்டு தோசைக்கல்லை ஏற்றினாள்.

கூடத்தில் கோமதிநாயகம் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். பூரணம் வழக்கம்போல அவர் தோளெலும்புக்குக் கீழே விரலை வைத்தது. வைத்த விரல் திருத்தவில்லை. அழுத்தியது. உருட்டிப் பிசைந்து எண்ணெய் தேய்க்கிற மாதிரி அழுத்தியது.

"காலை நன்றாக நீட்டுங்கள் டீச்சர். இன்றைக்கு வீக்கம் குறைந்திருக்கிறது" என்றது.

"யாருல டீச்சர்?" என்று கேட்டவர் பாதியில் நிறுத்தினார். இதயவுறை அளவுக்கு மீறி இறுகிவிட்டது. நெற்றி வியர்த்தது. உதடு வெளுத்தது.

செண்பகவல்லி கரண்டியோடு ஓடிவந்தாள். "ஏங்க, என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்ல" என்றார் அவர். மூச்சை இழுத்தார். "ஒண்ணுமில்ல."

மூன்றாவது தடவை சொல்ல அவள் விடவில்லை. பூரணத்தின் கையைத் தட்டிவிட்டு, அவர் எப்போதும் நெஞ்சில் கட்டியிருக்கும் பட்டையில் இருந்த மீள்பொத்தானை அழுத்திப் பிடித்தாள். உறையை நேற்றைய அளவுக்குத் திருப்பும் பொத்தான் அது. ஆறு வருஷத்தில் அதைத் தொட நேர்ந்ததில்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே நின்றாள். நாற்பது எண்ணுவதற்குள் அவர் முகத்தில் நிறம் வந்தது. அவளுக்கு வருவதற்கு இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று. தோசை கருகி வீடெல்லாம் புகை.

சத்தம் கேட்டு டீச்சர் முழங்காலைப் பிடித்துக்கொண்டே வந்தாள். பின்னால் சாமுவேல் வந்து வாசலிலேயே நின்றுகொண்டது.

"என்ன ஆச்சு செண்பகம்?"

"இது இவுகளப் போட்டு ஒங்க முழங்கால் மாதிரி பிசைஞ்சிட்டு டீச்சர். டீச்சர்னு வேற கூப்பிடுது."

டீச்சர் கணக்குப் போடுகிறவள். மெதுவாகத் திரும்பிச் சாமுவேலைப் பார்த்தாள். சாமுவேல் தலையைக் குனிந்தது.

"நான்தான் கொடுத்தேன். போன மாதம் எனக்கும் கை நடுங்கியது. பழுதுமனையில் எனக்காகக் கை நடுக்கத்தை நிறுத்தும் திருத்தநிரல் ஒன்றை எழுதிப் போட்டார்கள். நன்றாகக் கேட்டது. நேற்று ரசப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது பூரணத்தின் கை நடுங்குவதைப் பார்த்தேன். அதில் கொஞ்சம் விரல் வழியாகக் கொடுத்தேன்."

சாமுவேலின் கை முழங்கால் தேய்த்துப் பழகிய கை. அந்தக் கைக்கு எழுதிய நிரல் பூரணத்துக்குள் போனதும் நடுக்கத்தை நிறுத்தியது. கூடவே முழங்காலையும் டீச்சரையும் கொண்டுவந்து சேர்த்துவிட்டது.

செண்பகவல்லிக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. "அடுத்தவக மருந்து அடுத்தவக ஒடம்புக்குன்னு எனக்கு எம்புட்டுப் பாடம் எடுத்த? படிச்சுப் படிச்சுச் சொன்னியே. ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா வாங்கிப் போட்ட?"

"சாமுவேலுக்குக் கேட்டது. அதனால் ஒருமுறை போட்டுப் பார்த்தேன்."

டீச்சர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். செண்பகவல்லி விடுவதாக இல்லை. "பழுதுமனைக்குப் போறதுக்கு என்ன? ஒன்னிய யாரும் கட்டி வச்சிருக்காகளா?"

"போனால் பத்து நாள் படுக்க வைத்துவிடுவார்கள். மாற்றுத்தாதி வரும். அதற்கு இவர் சொல்லும் கணக்குத் தெரியாது. முதல் தடவை ஒன்றுமில்லை என்றதும் நம்பிவிடும்." பூரணம் கோமதிநாயகத்தின் பக்கம் திரும்பியது. அதன் பிறகு வந்தது எழுத்துத் தமிழ் இல்லை, ஆறு வருஷம் அந்தச் சமையல்மேடையில் கேட்டுக் கேட்டு ஏறிய பேச்சு. "நான் போயிட்டா இவுகள யாரு பாப்பா?"

 செண்பகவல்லி கையிலிருந்த கரண்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். கை தானாகக் கழுத்துக்குப் போனது. கட்டி இருந்த இடத்தைத் தொட்டது. கண் கலங்கியது. அந்தச் சக்கரக் கால் பைத்தியத்தின் மேல் அவளுக்குப் பிள்ளைப் பாசம் பொங்கியது.

நாற்காலியிலிருந்து கோமதிநாயகம் பேசினார். "ஏளா செண்பகம். என்னியப் பாக்கணும்னு நீயும் போகல, அதுவும் போகல. ரெண்டு பேரும் ஒண்ணாப் படுத்துட்டா அப்ப என்னிய யாரு பாப்பா?"

செண்பகவல்லி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கிளம்புங்க ரெண்டு பேரும். மாத்துத்தாதி வரட்டும். அதுட்ட நானே உண்மையச் சொல்லிக்கிடுதேன்" என்றார். முப்பது வருஷம் கம்பம் ஏறியவருக்கு அதைச் சொல்வது கம்பம் ஏறுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"அண்ணாச்சிக்குச் சாப்பாடு நான் பாத்துக்கிடுதேன். மாத்திரை ஒண்ணும் குடுக்க மாட்டேன்" என்றாள் டீச்சர்.

மறுநாள் காலை செண்பகவல்லி ஒரு தாளில் கொட்டை எழுத்தில் எழுதி மாற்றுத்தாதியின் கையில் கொடுத்தாள். ஒரு தடவை சொன்னால் ஒன்றுமில்லை, இரண்டு தடவை சொன்னால் ஏதோ இருக்கிறது, மூன்று தடவை சொன்னால் ஆம்புலன்ஸ். பூரணம் அதையே இரண்டு முறை வாயாலும் சொன்னது. பிறகு இருவரும் பேருந்து ஏறினார்கள். வழியெல்லாம் அவள் அதன் நடுங்கும் கையைத் தன் மடியில் பிடித்து வைத்திருந்தாள். சாமுவேலின் நிரலை அழித்ததும் நடுக்கம் திரும்பி வந்திருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் மனிதருக்கும் தாதிகளுக்கும் பதிவு ஒரே இடம்தான். அங்கே உட்கார்ந்திருந்தது ஒரு பழைய எந்திரம். அரை நூற்றாண்டாக அந்த ஊர் ஜனங்களின் குறைகளைக் கேட்டு வளர்ந்தது. முன்னால் நின்ற மனிதர், தும்மலோடு, "உயிரு போகுது, சீக்கிரம் பாருங்க" என்று கத்திக்கொண்டிருந்தார். எந்திரம் அவருக்குப் பச்சைச் சீட்டைக் கொடுத்து நாற்பதாவது ஆளாக உட்காரச் சொன்னது.

"அடுத்து வாங்க. என்ன தொந்தரவு?"

செண்பகவல்லி பூரணத்தைப் பார்த்தாள். பூரணம் அவளைப் பார்த்தது.

"ஒண்ணுமில்ல. சும்மா ஒரு தடவ பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"ஒன்றுமில்லை. நானும் சும்மா கூட வந்தேன்."

எந்திரம் மறுகேள்வி கேட்கவில்லை. ஐம்பது வருஷ அனுபவம். இரண்டு சிவப்புச் சீட்டுகளை அச்சிட்டு நீட்டி, காத்திருந்த அத்தனை பேருக்கும் முன்னால் இருவரையும் உடனே உள்ளே அனுப்பியது.