ஒரே ஒரு வெள்ளைக் கல்

மார்ட்டின் டெவேனின் பல்லில் மணல் நறுக்கென்று கடிபட்டது. கையிலிருந்த உருளைக்கிழங்கை உற்றுப் பார்த்தார்.

"கடலையே அவிச்சு வச்சிட்டீங்களா?"

பக்கத்து வீட்டு போலீஸ் சார்ஜென்ட் நுவாலா சிரித்தாள். அவர் தங்கியிருந்த வீட்டுக்காரக் கிழவி சபீனா சிரிக்கவில்லை. வெண்ணெய் எடுக்க எழுந்து போனாள்.

மார்ட்டின் சிகாகோக்காரர். அவருடைய அப்பா அயர்லாந்தின் இந்தக் கான்னமாரா கரையில் பிறந்து, பதினெட்டு வயதில் கப்பலேறி, இப்போது தகரப் பெட்டியில் சாம்பலாகத் திரும்பியிருந்தார். ஞானஸ்நானம் பெறுமுன் இறந்த குழந்தைகளை அந்தக் காலத்தில் மாதா கோயில் கல்லறைத் தோட்டத்துக்குள் விடமாட்டார்கள். கடலோர மேட்டில் புதைத்து, பெயரில்லாத கல்லை நடுவார்கள். அப்பாவின் தங்கையும் அங்கேதான். அவளுக்கு மட்டும் அப்பா, சிறுவனாக, ஒரு வெள்ளைக் கல்லைத் தூக்கிவந்து வைத்திருந்தார்.

"பாதிரியார் சரின்னுட்டார். நாளைக்குத் தோண்டி எடுத்து, அவளையும் அப்பாவையும் கோயில் தோட்டத்துல ஒண்ணா சேர்த்துடுவேன். சாகும்போது அவர் கேட்டது அது ஒண்ணுதான்," என்றார் மார்ட்டின்.

மறுநாள் காலை ஏழரை. மார்ட்டின் மேட்டிலிருந்து ஓடிவந்தார். வெள்ளைக் கல்லைக் காணோம்.

நுவாலா முழங்காலிட்டுத் தேடினாள். கல் இருந்த இடத்தை யாரோ புல்லோடு வெட்டிய மண்கட்டியால் நேர்த்தியாக மூடியிருந்தார்கள், மழையும் பெய்திருந்தது. எந்த இடமென்றே தெரியவில்லை. மார்ட்டினுக்கு மாலை விமானம்.

"கண்டுபிடிக்காம உங்களை அனுப்ப மாட்டேன்," என்றாள்.

நிலத்துக்காரன் ஃபெஸ்டி வேலியோரம் நின்றான். அங்கே சுற்றுலாக்காரர்களின் கேரவன் வண்டிகளை நிறுத்த அவனுக்கு ஆசை என்பது ஊரறிந்தது.

"நீ எடுத்தியா?"

"எடுக்கிறதா இருந்தா மொத்தத்தையும் டிராக்டர்ல வாரியிருப்பேன், சார்ஜென்ட்டம்மா. ஒத்தைக் கல்லை எடுத்து சூப்பா வைக்கிறது?"

"புல்லை யாரு இப்படி மூடினது?"

"எனக்கு என் கூரை ஓட்டையை மூடவே பொறுமை கிடையாது."

அது உண்மை. நுவாலா மார்ட்டினின் கைபேசியை வாங்கினாள். முந்தின மாலை எடுத்த படம். வெள்ளைக் கல்லை நெருக்கமாக எடுத்திருந்தார். ஓரத்தில் தெரிந்த மற்ற கற்களில் சாம்பல் நிறப் பாசி அப்பியிருந்தது.

"உங்கப்பா இதை வச்சு எத்தனை வருஷம்?"

"எழுபது இருக்கும்."

நுவாலா படத்தை மறுபடி பார்த்தாள். பிறகு நேரே சபீனாவின் சமையலறைக்குப் போனாள்.

"மேட்டுக்குக் கடைசியா எப்ப போனீங்க, சபீனா?"

"வயசுல போனதுடி. இப்ப முட்டி விடுமா?"

நுவாலா தொட்டியருகே கிடந்த பிரஷ்ஷை எடுத்து மேசையில் தட்டினாள். வெள்ளை மணல் உதிர்ந்தது.

"உங்க கிழங்கு விளையறது கறுப்புச் சேத்துல. அதுல கடல் மணல் ஏது? எழுபது வருஷக் கல்லு பாசி பிடிக்காம இருக்குன்னா யாரோ விடாம மணல் போட்டுத் தேய்ச்சிருக்காங்க. அதே பிரஷ்லயே நேத்து கிழங்கையும் கழுவிட்டீங்க. கல்லை எடுத்தது நீங்கதான். ஆனா ஏன்?"

சபீனா கெட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொண்ணைத் தோண்டினா என் பையனும் கூட வந்துடுவானேடி."

கெட்டில் கொதித்தது. யாரும் அதை இறக்கவில்லை.

"பத்தொன்பது வயசு எனக்கு. கல்யாணம் ஆகலை. மூச்சில்லாம பொறந்தான். கடல்ல போட்டுடுன்னாரு எங்கப்பா. தனியா கிடக்க வேணாம்னு அவ கல்லுக்கடியிலயே வச்சேன்."

வாசலில் நின்ற மார்ட்டின் தகரப் பெட்டியை மாரோடு அணைத்துக்கொண்டார்.

"கோயில் தோட்டம் வேணாம். அப்பாவை அங்கேயே கொண்டுபோறேன். ரெண்டு பேரையும் பார்த்துக்குவார்."

சபீனா கணப்போரக் கூடையிலிருந்து கல்லை எடுத்தாள். தடுமாறும் முட்டியோடு மேடேறி, ஒரு கணமும் யோசிக்காமல் ஓரிடத்தில் போய் நின்றாள்.

நுவாலா புகார் எதுவும் எழுதவில்லை. அவள் கணவனைக் கடல் கொண்டுபோயிருந்தது. அவனுக்குக் கல் வைக்க ஓர் இடம் இல்லை.

சபீனா இறந்து நான்கு வருஷமாகிறது. அவளுடைய பிரஷ் இப்போது நுவாலா வீட்டுத் தொட்டியருகே கிடக்கிறது. மேட்டில் மற்ற கற்களெல்லாம் சாம்பல் நிறம். அந்த ஒன்று இன்னும் வெள்ளை.