கொட்டகைக்கு ஒரு கேபிள்

சான்ட்ராவின் இளைப்பு நின்றுபோயிருந்தது.

எந்தத் தாயாக இருந்தாலும் பூண்டி மாதா கோயிலுக்கு ஓடிப்போய் ஆளுயர மெழுகுவத்தி ஏற்றியிருப்பாள். விண்ணரசியும் ஏற்றத்தான் செய்தாள். திரும்பி வருகையில், பேருந்தில் தன் மடியில் சாய்ந்து தூங்கிய மகளின் முதுகில் கை வைத்துப் பார்த்தாள். ஐப்பசி பிறந்துவிட்டால் மழை ஈரமும் சம்பா வயலில் அடிக்கிற மருந்து வாடையும் சேர்ந்து அந்தக் குழந்தையைப் பாடாய்ப் படுத்தும். முதுகுக்குள் ஒரு பூனைக்குட்டி ஓயாமல் உறுமும். மூச்சு வெளியே வரும்போது கடைசியில் ஒரு சின்ன விசில் கேட்கும். பெற்ற நாளிலிருந்து அந்த விசிலைக் கேட்டுக்கேட்டே தூங்கிப் பழகியவள் விண்ணரசி. இப்போது விசிலும் இல்லை, பூனைக்குட்டியும் இல்லை. குழந்தையின் முதுகு தானாக அசைகிறதா, பேருந்து குலுங்குவதால் அசைகிறதா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

சீ, நல்லது நடந்தால்கூட நம்பமாட்டியா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கையை மட்டும் எடுக்கவில்லை.

யோசித்துப் பார்த்தால், கொட்டகைக்குக் கேபிள் போட்ட அன்றிலிருந்துதான் இப்படி.

கணவன் ஜெனித் குவைத்தில் இருந்தான். பூதலூருக்கு அந்தப் பக்கம், வயலும் வாய்க்காலும் சுற்றிய அந்த வீட்டில் அவளும் ஆறு வயது சான்ட்ராவும் மட்டும்தான். வெளிநாட்டு டாக்டர்கள் பேசிப் பதிந்து அனுப்பும் குறிப்புகளை ஹெட்செட்டில் கேட்டுத் தட்டச்சு செய்வது விண்ணரசியின் வேலை. ஒரு இருமல், ஒரு முனகல்கூடத் தப்பாத காது அவளுக்கு. அதற்குச் சத்தமில்லாத இடம் வேண்டும். வீட்டுக்குள்ளே குக்கர், டிவி, போதாததற்கு சான்ட்ராவின் ஓயாத கேள்விகள். மாடுகளை விற்றபிறகு கொல்லையில் சும்மா கிடந்த ஓட்டுக் கொட்டகையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து, மேசை நாற்காலி போட்டாள். ஆனால் வீட்டு வைஃபை வாழை மரங்களைத் தாண்டவில்லை. வைஃபை இல்லையென்றால் காமிராவும் இல்லை. பின்னறையில் குழந்தையின் கட்டிலுக்கு மேலே காமிரா மாட்டி, அவள் மூச்சுவிடும் சத்தத்தைக் கொட்டகையில் இருந்தபடியே கேட்க வேண்டும். அது முடியாவிட்டால் விண்ணரசி நிம்மதியாக உட்கார்ந்து ஒரு வரி அடிக்க முடியாது. அதற்காகத்தான் ஃபைபர் கேபிள் இழுக்கச் சொன்னாள்.

வந்தவர் அதிராம்பட்டினத்துக்காரர். பேர் அப்சர். தாடியில் பாதி நரைத்திருந்தது. கொல்லைச் சேற்றில் செருப்பு புதைய நின்று உதட்டைப் பிதுக்கினார்.

“பள்ளம் தோண்ட முடியாது சிஸ்டர். வெட்ட வெட்டத் தண்ணி ஊறும். ஆமா, கொட்டகைச் செவுத்துல ஒரு பைப்பு நீட்டிக்கிட்டு இருக்கே, அது எங்க போவுது?”

அதே மாதிரி ஒரு குழாய் பின்னறை மூலையிலும் இருந்தது. பீரோவுக்குப் பின்னால், தரையிலிருந்து சாண் உயரம் எழும்பி, வாயில் கொசுவலைத் துண்டு கட்டி. கல்யாணமாகி வந்த நாளாக அதைப் பார்த்திருக்கிறாள். எதற்கென்று கேட்டதில்லை.

“மாடு இருந்தப்ப தண்ணி போன பைப்பா இருக்கும் பாய்.”

“அப்பறம் என்ன, நம்ம வேலை லேசாப் போச்சு!”

ஜெனித்திடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவன் டூட்டியில் இருந்தான். இந்த அற்ப விஷயத்துக்கு அவனை எதற்குக் கூப்பிடுவது என்று விட்டுவிட்டாள்.

அப்சர் கொட்டகையிலிருந்து நீளமான ஸ்பிரிங் கம்பியைக் குழாய்க்குள் தள்ளினார். விண்ணரசி பின்னறையில் குழாய் வாய்க்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வைத்திருந்தாள். பாதி தூரம் நன்றாகத்தான் போனது. பிறகு அப்சர் முணுமுணுத்தார். முனை எங்கேயோ தொங்குகிற மாதிரி இருக்கிறது, எதிலும் இடிக்கவில்லை, போக்கும் இல்லை என்றார். தள்ளினார், உருவினார், மறுபடி தள்ளினார். திடீரென்று ஸ்பீக்கரில் கத்தினார்.

“மெதுவா சிஸ்டர்! இப்படி வெடுக்குன்னு இழுக்காதீங்க, கையக் கிழிச்சிடுச்சு!”

“நான் இன்னும் தொடவே இல்லையே பாய். இங்க எதுவும் வரலையே.”

பிறகுதான் அவள் பக்கத்துக் குழாயில் சரசரவென்று சத்தம் கேட்டு, கம்பியின் முனை எட்டிப் பார்த்தது. தொட்டால் ஐஸாகச் சில்லிட்டது. பாசி வாடை அடித்தது. மழைக்காலம், குழாய்க்குள் தண்ணீர் இறங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அப்சர் கம்பியில் கேபிளைக் கட்டி இழுத்து, பாம்பு கீம்பு ஏறிவிடப்போகிறது என்று இரண்டு பக்கமும் குழாய் வாயில் பஞ்சு மாதிரி உப்பி நிற்கும் ஃபோம் அடித்து இறுக்கமாக அடைத்துவிட்டுப் போனார். போகும்போது உள்ளங்கையில் கைக்குட்டை சுற்றியிருந்தார். டீ குடிக்கிறீர்களா என்று கேட்டதற்கு நிற்கவே இல்லை.

நெட் பறந்தது. காமிராவில் குழந்தையின் கண்ணிமைகூடத் தெரிந்தது. மூச்சுச் சத்தம் மட்டும் வரவில்லை. ஒலியை முழுக்கக் கூட்டி வைத்துக் கேட்டாள். மின்விசிறி கேட்டது, கொல்லைத் தவளைகள் கேட்டன, தூக்கத்தில் சான்ட்ரா புரளும்போது போர்வை உரசுவது கேட்டது. மூச்சு கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பக்கத்தில் நின்று பாடிய சான்ட்ரா, பாட்டு முடியும்வரை எங்கேயும் நிறுத்தவில்லை. இரண்டு சொல் பாடி இருமுகிற பிள்ளை. முன் வரிசையில் இருந்த தங்கமணி டீச்சர் திரும்பிப் பார்த்து, “அடேயப்பா, என்ன நீளமா இழுக்குற!” என்று கன்னத்தைக் கிள்ளினார். சான்ட்ரா பாடிக்கொண்டே சிரித்தாள். விண்ணரசிதான் பாட்டை விட்டுவிட்டாள்.

அப்புறம் வீட்டில் நடந்த அந்த மெழுகுவத்தி விஷயம். சாயங்காலம் செபமாலை சொல்லி முடித்ததும் ஊதி அணைப்பது சான்ட்ராவின் உரிமை, வேறு யாரும் தொடக்கூடாது. அன்றைக்கு மண்டியிட்டபடியே உதட்டைக் குவித்து, கன்னத்தை உப்பி, ஃபூ என்று ஊதினாள். சுடர் அசையாமல் நின்றது. இன்னும் கிட்டப் போய் ஊதினாள். மூக்கு சுட்டுவிடும் தூரம். சுடர் நேராக, நூல் பிடித்த மாதிரி.

“இந்த மெழுகுவத்தி கெட்டுப்போச்சும்மா,” என்றாள் சான்ட்ரா.

விண்ணரசி விரலால் நசுக்கி அணைத்தாள். சூடு உறைக்கவில்லை. விடிந்ததும் தஞ்சாவூருக்கு டாக்டரிடம் கூட்டிப்போவது என்று முடிவு செய்தாள். ஆனால் விடிந்தபோது மழை கொட்டியது, வாய்க்கால் நிரம்பி ரோட்டில் ஓடியது, பஸ் வரவில்லை. பள்ளிக்கும் லீவு விட்டார்கள்.

மத்தியானம் சோறு ஊட்டிப் படுக்கவைத்துவிட்டு, முடிக்க வேண்டிய வேலை கொஞ்சம் இருந்ததால் கொட்டகைக்குப் போனாள். மழை இருட்டு. ஓட்டின்மேல் இரைச்சல். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாள். யாரோ ஒரு டாக்டர் யாரோ ஒரு கிழவரின் நுரையீரலைப் பற்றி நிறுத்தி நிறுத்திப் பேசினார். அவர் நிறுத்திய ஒரு இடத்தில் அது கேட்டது.

விசில்.

பதிவைப் பின்னால் தள்ளிக் கேட்டாள். அதே இடத்தில் இப்போது ஒன்றுமில்லை. ஹெட்செட்டைக் கழற்றினாள். மழைச் சத்தத்துக்கு அடியில், அவள் காலடியில், மேசைக்குக் கீழே மெல்ல ஒரு இழுப்பு. பிறகு ஒரு விடுப்பு. கடைசியில் அந்தச் சின்ன விசில். உலகத்தில் எத்தனை பிள்ளைகள் இளைத்தாலும் தன் பிள்ளையின் விசில் அவளுக்குத் தெரியும்.

குனிந்து பார்த்தாள். குழாய் வாயை அடைத்த மஞ்சள் ஃபோம் உள்ளே குழிந்தது. பிறகு வெளியே உப்பியது. மறுபடி குழிந்தது.

போனில் ஜெனித்தைக் கூப்பிட்டாள்.

“ஏங்க, கொல்லையில ஒரு பைப்பு இருக்குல்ல, கொட்டகைக்கு வர்றது. அது எதுக்கு வச்சது?”

“அதுல என்ன?”

“அதுக்குள்ளதான் கேபிள் போட்டிருக்கேன்.”

அவன் சிரித்தான். “அடிப்பாவி, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாது? அது கிணத்து பைப்பு விண்ணு. பின்னறைக்குக் கீழ கிணறு இருக்குடி. அப்பா அந்த ரூம் கட்டுறப்ப தூர்க்காம மேல ஸ்லாப்பப் போட்டு மூடிட்டாரு. கொத்தனார் ஒத்துக்கவே மாட்டேன்னாரு. ஊறுற கிணத்த உசுரோட மூடுனா மூச்சுவிட வழி வைக்கணுமாம். அதுவும் ஒரு மூக்கு பத்தாது, ரெண்டு மூக்கு வேணும்னு ஒத்தக்கால்ல நின்னாரு. அப்பா ஃபாதரக் கூட்டியாந்து தீர்த்தமும் தெளிச்சாரு, கொத்தனார் வாயை அடைக்க ரெண்டு பைப்பும் வச்சாரு.”

“ரெண்டு பைப்பா? ஒரே பைப்பு இல்லையா?”

“எப்படி ஒண்ணாகும்? கொட்டகைல இருந்து வர்றது இந்தப் பக்கம் கிணத்துக்குள்ள வந்து நின்னுரும். ரூம்ல இருந்து போறது அந்தப் பக்கம். நடுவுல வெறும் கிணறு. நான் சின்னப்புள்ளைல ஸ்லாப் போடறதுக்கு முன்னாடி எட்டிப் பாத்திருக்கேனே.”

சொல்லிக்கொண்டே வந்தவனின் சிரிப்பு மெல்ல நின்றது.

“விண்ணு… அப்ப கம்பி எப்படி எதிர்ப் பைப்புக்குள்ள ஏறுச்சு?”

மெதுவா சிஸ்டர், வெடுக்குன்னு இழுக்காதீங்க. அப்சரின் குரல் காதுக்குள் கேட்டது. இருட்டில், நடுக் கிணற்றில், தொங்கிய கம்பியின் முனையை யாரோ வாங்கியிருக்கிறார்கள். வாங்கி, எதிர்ப்பக்கத்துக்குக் கொண்டுபோய், குழாய் வாயைத் தடவிப் பார்த்து, உள்ளே செருகித் தள்ளிவிட்டிருக்கிறார்கள். அதற்குக் கூலியாக அவள் இரண்டு மூக்கையும் அடைத்துவிட்டாள்.

அடைத்தால் அது எங்கிருந்து மூச்சு வாங்கும்?

திரையைப் பார்த்தாள். சான்ட்ரா எழுந்து உட்கார்ந்து, கட்டிலில் காலாட்டிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தாள். நிறுத்தாத பாட்டு. ஒரு வரி முடிந்து மூச்சு வாங்க வேண்டிய இடத்தில், மேசைக்குக் கீழே ஃபோம் குழிந்தது. விசில். அடுத்த வரி. குழிந்தது. விசில்.

போன் கையிலிருந்து விழுந்தது. ஓடினாள்.

சேறு வழுக்கியது. வாழை இலை முகத்தில் அறைந்தது. விழுந்தாள், எழுந்தாள், படியேறினாள். மாதாவே, என் பிள்ளை, மாதாவே. பின்னறைக் கதவைத் தள்ளினாள்.

சான்ட்ரா திரும்பிச் சிரித்தாள்.

“ஏம்மா ஓடியாந்த? உனக்கு ஏன் இப்படி மூச்சு வாங்குது?”

விண்ணரசி மகளின் மூக்குக்குக் கீழே புறங்கையை வைத்தாள். ஈரக் கை. ஊசிமுனை அளவு காற்றுக்கும் சிலிர்த்திருக்கும். சிலிர்க்கவில்லை. மார்பில் காதை வைத்தாள். இதயம் துடித்தது. வேகமாக, நன்றாகத் துடித்தது. அதைத் தவிர உள்ளே ஒன்றுமில்லை. காலி வீடு மாதிரி நிசப்தம்.

பீரோவுக்குப் பின்னாலிருந்து விசில்.

பீரோவை இழுத்துத் தள்ளினாள். துணியும் பாத்திரமும் சரிந்து விழுந்தன. நகத்தால் ஃபோமைப் பிய்த்தாள். பிய்த்துப் பிய்த்து எறிந்தாள். நகக்கண்ணில் ரத்தம். கடைசித் துண்டு வந்ததும் குழாய்க்குள்ளிருந்து காற்று புறப்பட்டது. பாசி வாடை. வருஷக்கணக்கில் வெயில் படாத தண்ணீரின் வாடை. நீண்ட, நிதானமான, பெரிய மூச்சு. ஒரு குழந்தையுடையது இல்லை. அதில் விசில் இல்லை.

அப்பாடா என்று திரும்பினாள்.

சான்ட்ராவின் வாய் திறந்து திறந்து மூடியது. அம்மா என்கிறாள். வாயசைவு தெரிகிறது. சத்தம் இல்லை. இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். உதடு நீலம். கண் மேலே செருகியது.

இரண்டுக்கும் ஒரே மூச்சு; அது குழாய் வழியாக விட்டால் பிள்ளைக்கு இல்லை. விண்ணரசி பாய்ந்து இரண்டு உள்ளங்கையாலும் குழாய் வாயைப் பொத்தினாள்.

விசில்.

“அம்மா,” என்றாள் சான்ட்ரா. அழுதாள். “என்னமோ பண்ணுச்சும்மா.”

“ஒண்ணுமில்லடா கண்ணு. அம்மா இருக்கேன்.”

“கைய எடுக்காத.”

“எடுக்கமாட்டேன்.”

மழை விடவில்லை. கரண்ட் போனது. காமிராவின் சின்ன விளக்கு அணைந்தது. கொட்டகையில் கிடக்கிற போனில் ஜெனித் இன்னும் கத்திக்கொண்டிருப்பான். இங்கே கேட்காது. பிய்த்தெறிந்த ஃபோம் இருட்டில் எங்கேயோ கிடந்தது. தேடினால் கையை எடுக்க வேண்டும்.

முழங்கால் மரத்தது. தோள் நடுங்கியது. விரல்களுக்கு நடுவே கேபிள் மெல்லிய நூலாக உள்ளே போனது. அது அசைந்தது. மெதுவாக. யாரோ அதைப் பிடித்துக்கொண்டு மேலே வருகிற மாதிரி.

“அம்மா, பசிக்குது. எப்ப எந்திரிப்ப?”

குழாய்க்குள், அவளுடைய உள்ளங்கைக்கு அடியில், ஈரமாக ஏதோ தொட்டது. விலகியது. மறுபடி தொட்டது. பால் தேடும் பச்சைப்பிள்ளை கண்ணைத் திறக்காமலே முட்டி முட்டித் தேடுமே, அப்படி அது அவள் கையைத் தடவித் தடவித் தேடியது. பிறகு இரண்டு சின்ன உதடுகள், சில்லென்று, நடு உள்ளங்கையில் பொருந்தி உறிஞ்சத் தொடங்கின.