இரண்டு கண், இரண்டு வீடு

என் இடது கண்ணின் மேலே இருக்கும் மெல்லிய படலம் என்னுடையது அல்ல. இறந்துபோன யாரோ ஒருவருடையது. உங்களை நம்பித்தான் இதைச் சொல்கிறேன்.

எட்டு வயதில் வயலில் ஓடி விளையாடியபோது நெல் தாள் ஒன்று கண்ணைக் கிழித்துவிட்டது. புண் ஆறிய பிறகும் அந்தக் கண்ணுக்கு எல்லாமே பால் ஊற்றியதுபோல் வெள்ளையாகத் தெரிந்தது. டாக்டர்கள் கெட்டுப்போன படலத்தை எடுத்துவிட்டு, தானமாக வந்த நல்ல படலத்தை வைத்துத் தைத்தார்கள். பார்வை வந்தது. கூடவே 'பேய்க்கண் ஓவினி' என்ற பட்டப்பெயரும் வந்தது. அதனால் நாங்கள் குளியாப்பிட்டிக்கு வீடு மாறி, நான் புதுப் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பில் சேர்ந்தபோது, இந்தக் கதையை யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை நிலந்தி டீச்சர் கரும்பலகையில் பூசணிக்காய் அளவுக்கு ஒரு கண்ணை வரைந்தார். நான் புத்தகத்துக்குள் தலையைக் குனிந்துகொண்டேன்.

அன்று பாடம் உறுப்பு தானம். ஒருவர் இறந்த பிறகு கண், தோல் எல்லாம் மற்றவர்களுக்கு உதவும் என்றார் டீச்சர். சிலருடைய சிறுநீரகமும் இதயமும்கூட உதவுமாம். படிவத்தில் கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது, வீட்டாருக்கும் நம் விருப்பம் தெரிந்திருக்க வேண்டும் என்றார். வீட்டுப்பாடமும் அதுதான். வீட்டில் பெரியவர்களிடம் அவர்கள் விருப்பத்தைக் கேட்டு வரவேண்டும்.

சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட இசுரு கையை உயர்த்தினான்.

"டீச்சர், நான் கட்டாயம் கண் குடுப்பன். அந்தப் புண்ணியத்தில அடுத்த பிறவியில கண்ணாடி போடத் தேவையில்லை."

டீச்சரே சிரித்துவிட்டார். ஆனால் கவீஷவுக்கு எப்போதும் கடைசி வார்த்தை தன்னுடையதாக இருக்கவேண்டும்.

"கண்ணைக் குடுத்திட்டா, செத்தவர் எப்படி வழி தெரிஞ்சு வீட்டுப் பக்கம் வருவார்?" என்றான். கண்ணை மூடிக்கொண்டு தடவித் தடவி நடந்தும் காட்டினான்.

வகுப்பே சிரித்தது. என் பக்கத்தில் இருந்த செனுதி மட்டும் சிரிக்கவில்லை. தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு எழுந்து போனவள், மணி அடித்த பிறகும் திரும்பவில்லை.

நான் தேடிப் போனபோது தண்ணீர்க் குழாயடியில் குந்தியிருந்தாள். குழாய் மூடித்தான் இருந்தது. அவள் முகம்தான் நனைந்திருந்தது. அவள் 'அப்பச்சி' என்று கூப்பிடும் அப்பா போன வருடம் விபத்தில் இறந்தது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். அவருடைய கண்களைத் தானம் செய்தது, அவள் சொல்லி எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"அம்மாதான் கையெழுத்துப் போட்டவ," என்றாள். "அப்பச்சிக்கு வழி தெரியாமப் போயிடுமோ எண்டு நான் ஒவ்வொரு நாளும் கேட் லைட்டைப் போட்டு வைக்கிறன். ஏன் எண்டு அம்மாவுக்குச் சொல்லேல்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பச்சின்ர ஒரு வருஷத்துத் தானம், பிக்குமாருக்குச் சாப்பாடு குடுக்கிறம். அம்மாவோட சேர்ந்து தண்ணி வார்க்க எனக்கு மனமில்லை."

நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் சொன்னால் திங்கட்கிழமையே நான் மறுபடியும் பேய்க்கண் ஆகிவிடலாம். வார்த்தையை விழுங்கிப் பார்த்தேன். அழுகிறவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அது உள்ளே இறங்கவில்லை.

"செனுதி, என்ர இடது கண்ணைக் கிட்டப் பார்."

மூக்கு முட்டும் அளவுக்கு நெருங்கிப் பார்த்தாள். தைத்த இடம் மெல்லிய வளையமாகத் தெரியும். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"எங்கட அப்பச்சியின்ரயா?" என்று கேட்டாள்.

"இல்லை. எனக்கு வச்சு நாலு வருஷமாச்சு. ஆர் தந்தவர் எண்டு ஆஸ்பத்திரியில சொல்லமாட்டினம்."

அவள் முகம் வாடிவிட்டது. நான் அவசரமாக மேலே பேசினேன். கண் கிடைத்த நாளில் ஒவ்வொரு வருடமும் நாங்கள் பிக்குகளுக்குத் தானம் கொடுப்போம். புண்ணியம் சேரவேண்டியவரின் பெயரைச் சொல்லித் தண்ணீர் வார்க்கவேண்டும் அல்லவா? எங்களுக்குப் பெயர் தெரியாது. அதனால் அம்மா, "எங்கட பிள்ளைக்குக் கண் தந்தவருக்கு" என்று சொல்லித்தான் வார்ப்பார்.

செனுதி மூக்கை உறிஞ்சினாள். "அப்ப எங்கட அப்பச்சிக்கும் எங்கயோ ஒரு வீட்டில..."

"ஒரு வீட்டில இல்லை. ரெண்டு கண் எண்டா ரெண்டு பேருக்குப் போயிருக்கும். ரெண்டு வீட்டில அவரை நினைப்பினம்."

அவள் விரல்களை மடக்கி ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பார்த்தாள்.

"கட்டு அவிழ்த்தவுடனே நீ முதல்ல என்ன பார்த்தனி?"

"அம்மாட மூக்கு. ஒரு கண்ணால பார்க்கேக்க அது இவ்வளவு பெரிசு எண்டு எனக்குத் தெரியேல்லை."

செனுதி களுக்கென்று சிரித்தாள். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்த நாளிலிருந்து மனதை அழுத்திய ரகசியம் ஒருத்தியைச் சிரிக்க வைத்திருக்கிறதே!

அன்று மாலை அவள் வீட்டுப்பாடத்தை ஒழுங்காகச் செய்தாள். அம்மாவிடம் கேட்டபோது, கண் தானம் செய்ய விரும்பியது அப்பச்சிதான் என்று தெரிந்தது. ஒரு தடவை அல்ல, மூன்று தடவை அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தாராம். அம்மாவும் மகளும் கட்டிப்பிடித்து அழுததில் அடுப்பில் இருந்த பருப்பு கருகிப்போனதாம்.

ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் தானத்துக்குப் போனோம். பிக்குகள் பிரித் சூத்திரங்களை ஓத, செனுதியும் அவளுடைய அம்மாவும் ஒரே கெண்டிச் செம்பைப் பிடித்துக் கிண்ணம் நிரம்பி வழியும்வரை தண்ணீர் வார்த்தார்கள். கை எட்டாதவர்கள் முன்னால் இருப்பவரின் தோளைத் தொட்டுக்கொள்வது வழக்கம். செனுதி என்னைத் தேடிப் பிடித்து இழுத்து, என் கையைத் தன் தோளில் வைத்துக்கொண்டாள்.

சட்டி பானை கழுவி முடித்து நாங்கள் புறப்படும்போது பொழுது சாய்ந்துவிட்டது. கேட் லைட்டைப் போட அவளுடைய அம்மா சுவிட்சில் கை வைத்தார்.

"வேணாம் அம்மா," என்றாள் செனுதி. "லைட் போட்டா பூச்சிதான் வருது."

திங்கட்கிழமை கவீஷவுக்கு என் கண்ணைப் பற்றி நானே சொன்னேன். "உண்மையிலேயே பேய் தெரியுமா?" என்று கேட்டான். நீ தெரிகிறாயே, அது போதாதா என்றேன். வகுப்பு மறுபடியும் சிரித்தது. இந்தத் தடவை செனுதிதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.