கெண்டல் வீட்டுத் தபால்பெட்டி

காரைப் பின்னுக்கு எடுக்க நான் பழகிய கதை, மவுண்ட் வெல்லிங்டனில் பக்கத்து வீட்டுத் தபால்பெட்டிக்குத்தான் தெரியும். அந்தச் சனிக்கிழமை அது ஒரேயடியாகச் சரிந்தது. ‘கெண்டல்’ என்று எழுதிய பலகை இரண்டாகப் பிளந்தது.

வெளியே வந்த கிழவர் ஹெர்பர்ட் கெண்டல் கோபிக்கவில்லை.

"பரவாயில்லை மகேசன். புதுப் பெட்டியில் இரண்டு பெயர் எழுத வேண்டும். இங்கிலாந்திலிருந்து என் சொந்தக்காரன் காலின் வந்திருக்கிறான். திங்கட்கிழமை வீட்டை அவன் பெயருக்கு எழுதப்போகிறேன்."

"எப்படிச் சொந்தம்?"

"ஜனவரி வெயிலில் பெயின்ட் சீக்கிரம் காயும்," என்றார்.

இத்தனை வருடத்தில் அவர் வீட்டுக்கு ஒரு கார் வந்து நான் பார்த்ததில்லை. வந்திருந்தால் அதையும் இடித்திருப்பேன்.

என் அக்கா வசந்தமலருக்கு விரி என்ற புறநகரில் ஒரு கிடங்கில், தொலைந்த பெட்டிகளைத் தேடிப்பிடிக்கிற வேலை. நடந்ததைச் சொன்னேன்.

"சொந்தத்தைக் கேட்டால் அந்த மனுசன் ஏன் பெயின்டைப் பற்றிக் கதைச்சவர்?" என்றாள். "ரெண்டு பேரையும் தேத்தண்ணிக்குக் கூப்பிடு."

வந்தார்கள். எங்கள் வாசலில் எல்லாரும் சப்பாத்தைக் கழற்றியே ஆகவேண்டும். காலின் தயங்கித்தான் கழற்றினான். உள்ளே வெறுங்கால்.

"எண்ணூறு வருடமாக எங்கள் குடும்பம் கெண்டல் ஊரைவிட்டு நகர்ந்ததில்லை. அதனால்தான் அந்தப் பெயர்," என்றான். "நேற்று முன்தினம்தான் முதன்முதலாக விமானம் ஏறி இங்கே வந்து இறங்கினேன்."

நான் உருகிப்போய் அவன் தட்டில் இன்னொரு வடை வைத்தேன்.

அக்கா நிதானமாகக் கோப்பையைக் கீழே வைத்தாள். "கெண்டல் ஊருக்குள் எல்லாரும் கெண்டல்காரர்தானே? வெளியூர் போனவனைத்தான் ஊர்ப்பெயரால் கூப்பிடுவார்கள். எங்கள் ஊர்ச் சுப்பிரமணியன் கொழும்பில்தான் ‘காரைநகரான்’. காரைநகரில் அவர் வெறும் சுப்பிரமணியன்."

"குடும்பத்தில் அப்படித்தான் சொல்வார்கள்," என்றான் காலின்.

"சரி, பெருமைக்குச் சொன்னதாக வைத்துக்கொள்வோம். ஆனால் உங்கள் கால்? ரப்பர் செருப்பின் வார் இருந்த இடம் மட்டும் வெள்ளை. மற்ற இடமெல்லாம் வெயிலில் கறுத்திருக்கிறது. இங்கே ஜனவரி என்றால் கோடை; இங்கிலாந்தில் இப்போது நடுங்குகிற குளிர். ரெண்டு நாளில் இவ்வளவு கறுக்காது. இது இந்தக் கோடை முழுக்க இங்கே அலைந்த கால்."

காலின் தன் பாதத்தைப் பார்த்தான். பிறகு சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டான். வடையை விட்டுவிட்டுப் போனான். அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

"வீடு தப்பியது, மிஸ்டர் கெண்டல்," என்றேன், நானே கண்டுபிடித்த மாதிரி.

அவர் பக்கத்தில் ஆறிக்கொண்டிருந்த காலினின் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கண்ணால் அடக்கினாள். எனக்கு அடங்கத் தெரியாது.

"அவனை எப்படி நம்பினீர்கள்?"

இந்த முறை அவர் பெயின்டுக்குப் போகவில்லை.

"நம்பவில்லை. என் அப்பா அநாதை இல்லத்தில் வளர்ந்தவர். கெண்டல் என்பது அவர்கள் வைத்த பெயர். அந்தப் பெயரில் எனக்கு ஒரு சொந்தமும் இருக்க முடியாது. வீட்டையும் எழுதிக் கொடுத்திருக்க மாட்டேன். எழுதுகிறேன் என்று சொன்னால், திங்கட்கிழமை வரைக்குமாவது என்னோடு இருப்பான் என்றுதான்."