விபத்தில் சிக்காத இருக்கை

ஹார்லனின் வீடு ஊருக்கு வடக்கே, தானியக் கிடங்குகளைத் தாண்டிக் கடைசி வீடு. ஜனவரி மாதத்துச் சனிக்கிழமை மதியம் போனேன். கார் கொட்டகையின் கதவைப் பாதி தூக்கிவிட்டு எனக்காகக் காத்திருந்தார். அறுபதைத் தாண்டியவர், தேவாலயத்தில் பார்த்துப் பழகிய முகம். உள்ளே மேசைமேல் நான் வாங்க வந்த இருக்கை இருந்தது, காரில் குழந்தையை உட்காரவைத்துக் கட்டுவது. சாம்பல் நிறம். துணியில் ஒரு கறை இல்லை.

என் மகன் சோரனுக்குப் பத்து மாதம். பிறந்தபோது வாங்கிய கூடை இருக்கைக்கு வெளியே அவன் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. இது அடுத்த வகை. இப்போதைக்குப் பின்பக்கம் பார்த்துப் பொருத்தலாம், வளர்ந்ததும் முன்பக்கமாகத் திருப்பலாம். கடையில் இருப்பதிலேயே மலிவானதை வாங்கக்கூட அந்த மாதம் எங்களுக்கு வழியில்லை. ஹார்லன் பதினைந்து டாலர் என்று மளிகைக் கடைப் பலகையில் சீட்டு ஒட்டியிருந்தார்.

ஒருவர் பயன்படுத்திய இருக்கையை வாங்காதே என்று இங்கே மருத்துவமனையில் எல்லாத் தாய்மாருக்கும் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். வாங்கியே ஆக வேண்டுமென்றால் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, பிளாஸ்டிக்கில் பதித்திருக்கும் காலாவதித் தேதி. அதற்கு இன்னும் நான்கு வருடம் இருந்தது. இரண்டாவது, விபத்தில் அடிபட்டதா என்பது; அடிபட்டிருந்தால் மறுமுறை தாங்காது. அதைக் கேட்டேன்.

"இது ஆக்சிடென்ட்ல ஏதும் மாட்டிச்சா?"

"இல்லம்மா. ஒரு கீறல் கெடையாது. கர்த்தர் சாட்சியாச் சொல்றேன்."

அதோடு திருப்தியாகிவிட்டேன். என்னைப்போலக் கெட்டிக்காரி உண்டா என்ற நினைப்பு வேறு. காரில் ஏற்ற ஒரு கை பிடியுங்கள் என்றதும் அவர் இரண்டு கைகளையும் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார். எங்கள் டகோட்டாவில் அப்படி யாரும் செய்ய மாட்டார்கள். பனியில் சிக்கிய காரைத் தள்ள முன்பின் தெரியாதவன்கூட இறங்கி வருவான். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலை, பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி. குழந்தையைத் தடித்த கோட்டோடு கட்டக் கூடாது, பட்டை தளர்ந்துவிடும். அதனால் சோரனின் கோட்டைக் கழற்றிவிட்டு, குளிருக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு பட்டையின் உலோகக் கொக்கியைத் தொட்டேன்.

கொக்கி சுட்டது.

அடுப்பில் இருந்து இறக்கிய பாத்திரம்போலச் சுட்டது. இன்ஜினைக்கூட நான் இன்னும் போடவில்லை. பால் புளித்த வாடையும், வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் வாடையும் வந்தன.

அன்று மாலை வீடு வந்து சேர்ந்தபோது சோரனின் முதுகு வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. என் கணவன் கெல்பி எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்க்கிறான். இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் இங்கே. போனில் சொன்னதும் சிரித்தான்.

"பதினஞ்சு டாலருக்கு ஹீட்டரும் சேத்துக் குடுத்துட்டாரா? எனக்கும் ஒண்ணு வாங்கி அனுப்பு. இங்க மூக்கு ஒடஞ்சு கீழ விழுது."

"வெளையாடாத கெல்பி. புள்ள குளிச்ச மாதிரி இருக்கான்."

"நீ போர்வையாப் போட்டு அமுக்குவ. ஒண்ணைக் கொறைச்சுப் பாரு."

குறைத்துப் பார்த்தேன். போர்வையே இல்லாமலும் பார்த்தேன். வேர்வை நிற்கவில்லை.

மறுநாள் இருக்கையில் தோளைச் சுற்றிக் கட்டும் பட்டைகள் இரண்டு துளை மேலே மாறியிருந்தன. அவற்றை மாற்ற இருக்கையைக் கழற்றிக் கவிழ்த்துப் போட்டு மல்லுக்கட்ட வேண்டும். நான் தொடவில்லை. வீட்டில் வேறு யாரும் இல்லை. சோரனின் அளவுக்கு இறக்கிப் பூட்டினேன். புதன்கிழமை மறுபடி மேலே இருந்தன. இரண்டு வயதுக் குழந்தைக்கு அது சரியான அளவு.

பின்பக்கம் பார்த்து உட்காரும் குழந்தையின் முகம் ஓட்டுகிறவருக்குத் தெரிய, பின்சீட்டின் சாய்மானத்தில் ஒரு சின்னக் கண்ணாடி மாட்டியிருந்தேன். வியாழக்கிழமை அதில் பார்த்தேன். சோரன் தூங்கிக்கொண்டிருந்தான். அவனுடைய கம்பளிக் காலுறைகள் தெரிந்தன.

அவற்றுக்குப் பக்கத்தில் இரண்டு செருப்புக் கால்கள் ஆடிக்கொண்டிருந்தன.

சின்னக் கால்கள். கோடையில் போடுகிற ரப்பர் செருப்பு.

காரை ஓரம்கட்டித் திரும்பிப் பார்த்தேன். சோரனைத் தவிர யாரும் இல்லை. தூக்கம் போதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை கெல்பி வந்துவிடுவான், அவனிடம் சொல்லி இதைக் கழற்றிப் போடலாம் என்று ஒரு நாளைத் தள்ளிப்போட்டேன். அந்த ஒரு நாளுக்காக என்னை நானே இன்றுவரை மன்னிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை சோரனைக் குழந்தைகள் காப்பகத்தில் விட்டேன். இதைச் சத்தியமாகச் சொல்வேன். அங்கே பார்த்துக்கொள்ளும் டார்லா, "உஃப்டா, என்னா குளிரு!" என்று அவனை வாங்கி அணைத்ததும், அவன் நீலத் தொப்பி நழுவி விழுந்ததும், நான் குனிந்து எடுத்துக் கொடுத்ததும் படம்போலக் கண்ணில் நிற்கின்றன. பிறகு கிடங்கு அலுவலகத்துக்குப் போய் வேலையில் உட்கார்ந்தேன்.

பத்தரைக்கு டார்லா போன் செய்தாள்.

"மாரிட், என்ன இன்னைக்கு சோரனைக் கொண்டாரல? ஒடம்புக்கு முடியலையா புள்ளைக்கு?"

கோட்டுகூடப் போடாமல் ஓடினேன்.

இரண்டரை மணி நேரம். அந்தக் குளிரில் பெரிய ஆளே தாங்க மாட்டான். அலுவலக வாசலில் நின்ற என் காரின் கண்ணாடிகள் எல்லாம் பனி உறைந்து சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்திருந்தன.

ஒன்று மட்டும் அப்படி இல்லை.

பின்கதவின் கண்ணாடியில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. உட்புறத்திலிருந்து பதிந்த சின்ன உள்ளங்கைகள், ஒன்றன்மேல் ஒன்றாக.

கதவைத் திறந்தேன். ஆகஸ்ட் மாதக் கோடை வெக்கை முகத்தில் அறைந்தது.

இருக்கை முன்பக்கம் பார்த்துத் திரும்பியிருந்தது. பெல்ட்டுகளை அவிழ்த்து அதைத் திருப்ப எனக்கே அரை மணி ஆகும். அதில் சோரன் கன்னம் சிவந்து, தலைமுடி வேர்வையில் ஒட்டி, உயிரோடு தூங்கிக்கொண்டிருந்தான்.

மருத்துவர் ஒரு குறையும் இல்லை என்றார். சோரனை டார்லாவின் மடியில் விட்டுவிட்டு, அவளைக் கண்ணை எடுக்காமல் பார்க்கச் சொல்லிவிட்டு, நேராக ஹார்லன் வீட்டுக்குப் போனேன். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"ஆக்சிடென்ட்டான்னு கேட்டீங்க," என்றார். "ஆக்சிடென்ட் இல்லம்மா. என் மக வீட்டுப் பேரன். ரெண்டு வயசு. ஜூலை மாசம். காப்பகத்துல எறக்கி விட்டுட்டேன்னுதான் நெனச்சேன். அவன் எனக்கு டாட்டா காட்டினது இன்னும் கண்ணுல நிக்குது. சாயங்காலம் வரைக்கும் வெயில்ல நின்ன வண்டியத் திறந்தே பாக்கல."

"அந்த சீட்டையா பதினஞ்சு டாலருக்கு வித்தீங்க? மனுஷனா நீங்க?"

"குப்பையில போடத்தான் ரெண்டு தடவை எடுத்துட்டுப் போனேன். மனசு வரல." அவர் கொட்டகைத் தரையைப் பார்த்துக்கொண்டே முணுமுணுத்தார். "அவன் உள்ள ஒக்காந்திருக்கும்போது எப்படிம்மா போடுறது?"

எனக்கு மனசு வந்தது. வேறு யாரும் எடுத்துப் பயன்படுத்தக் கூடாது என்று, இங்கே எல்லாரும் செய்வதுபோலப் பட்டைகளைக் கத்தரியால் துண்டு துண்டாக வெட்டினேன். கெல்பி அதை ஊர்க் குப்பைமேட்டில் போட்டுவிட்டு வந்தான். கடன் சொல்லிப் புது இருக்கை வாங்கினோம். ஆனாலும் ஒரு கேள்வி என்னை விடவில்லை. அந்தப் பேரன் என்னை மறக்க வைத்தானா, அல்லது நான் மறந்துபோன பிள்ளையைக் காப்பாற்றினானா? இரண்டில் எது என்று தெரியாமல் நான் எப்படி மறுபடி கார் ஓட்டுவது?

ஆனாலும் ஓட்டினேன். ஐந்து மாதம் ஒன்றும் நடக்கவில்லை.

ஜூன் மாதம், நல்ல வெயில். மளிகைக் கடை வாசலில் சோரனை இடுப்பில் வைத்துக்கொண்டு காரைப் பூட்டி நடந்தேன். பின்னாலிருந்து ஒரு பெண் கத்தினாள்.

"ஏய், இந்தாம்மா! அறிவிருக்கா? இந்த வெயில்ல புள்ளைய உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போற?"

"என் புள்ள இங்க இருக்கானே," என்றேன்.

"அவன் சரி. பெரியவன்? கண்ணாடியத் தட்டித் தட்டி அழுறான், காதுல விழல?"

என் காதில் விழவில்லை. சோரன் மட்டும் தலையைத் திருப்பிக் காரைப் பார்த்தான்.

ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் காருக்குள் இருக்கிறவனை விட்டுவிட்டுப் போனால், அடுத்த முறை நான் யாரை மறப்பேன்? திரும்பிப் போய்ப் பின்கதவைத் திறந்தேன். காலியான சீட்டைப் பார்த்து, "எறங்கு ராசா," என்று கிசுகிசுத்தேன். ஒரு சின்னப் பிள்ளை இறங்கும் நேரம் காத்திருந்தேன்.

அந்தப் பெண்ணின் முகம் இளகியது. குனிந்து, வெறும் காற்றில் யாருடைய கண்ணையோ துடைத்துவிட்டாள்.

"கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போம்மா. கார் போற எடம்."

இடது கையைக் கீழே தொங்கவிட்டேன். ஐந்து சின்ன விரல்கள் என் ஆள்காட்டி விரலைப் பற்றிக்கொண்டன.